370இஸட்டுக்கு ஒரே வாரத்தில் இரண்டு முறை டிஃப்ரன்ஷியல் ஆயில் மாற்றிய கதை

பழைய நிஸான் 370இஸட் ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை வாங்கி ஒன்பது மாதம் ஆகிறது. இன்ஜின் ஆயில், பிரேக் ஆயில், கூலன்ட் எல்லாம் மாற்றியாகிவிட்டது. மிச்சம் பின்பக்க டிஃப்ரன்ஷியல் மட்டும்தான், இன்ஜின் பலத்தைப் பின்சக்கரங்களுக்குப் பிரித்துக் கொடுத்து, திருப்பத்தில் அவை வெவ்வேறு வேகத்தில் சுற்ற விடும் கியர் பெட்டி. முந்தைய ஓனர் கொடுத்த பில் கட்டில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. கத்திரி வெயில் தொடங்குவதற்குள் முடித்துவிடலாம் என்று ஒரு ஞாயிறு காலை ஆறு மணிக்கே பார்க்கிங்குக்கு இறங்கினேன். ஓடோமீட்டர் 48,310.

ஆயில் தேர்வில் எனக்கு எந்தக் குழப்பமும் இருக்கவில்லை. கார் மேனுவல் ஜிஎல்-5 (கியர் ஆயிலின் தரம்), சிந்தெடிக், 75டபிள்யூ-90 (கெட்டித்தன்மை எண்) என்கிறது. கொள்ளளவு 1.4 லிட்டர். சென்னை ஜிபி ரோட்டில் ஒரு லிட்டர் பாட்டில் இரண்டு வாங்கினேன். அவ்வளவுதானே!

முதலில் ஊற்றும் பிளக்கைத் திறக்க வேண்டும், அப்புறம்தான் வடிக்கும் பிளக். மாற்றிச் செய்து, மேல் பிளக் துருப்பிடித்துத் திறக்க மறுத்தால், ஆயிலே இல்லாத காரோடு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். பழைய ஆயில் கறுப்பாக வந்தது. கீழ்ப் பிளக்கின் காந்தத்தில் விபூதியைக் குழைத்து அப்பியது போல ஒரு சாம்பல் பசை. விரலில் தேய்த்துப் பார்த்தேன், நெருடவில்லை. அது சாதாரணத் தேய்மானம். செதிலாக ஏதாவது வந்திருந்தால்தான் வயிறு கலங்கியிருக்கும். கை பம்பில் புது ஆயிலை ஏற்றி, மேல் துளையிலிருந்து சொட்ட ஆரம்பித்ததும் நிறுத்தி, புது வாஷர் போட்டு மூடினேன். கார் நான்கு ஸ்டாண்டிலும் மட்டமாக நிற்க வேண்டும், இல்லாவிட்டால் அந்தச் சொட்டுக் கணக்கே தப்பாகிவிடும்.

கந்தக வாடை பற்றி எச்சரிக்கிறேன். அந்தச் சட்டையை வாஷிங் மெஷினில் போடக் கூடாது என்று வீட்டில் உத்தரவு. ஆனால் அந்த நாற்றத்தில்தான் விஷயமே இருக்கிறது. டிஃப்ரன்ஷியலில் பினியன் என்ற சின்னப் பல்சக்கரம், கிரவுன் வீல் என்ற பெரிய பல்சக்கரத்தின் மையத்துக்கு நேராக இல்லாமல் கீழே தள்ளி உட்கார்ந்திருக்கும். ஹைப்பாய்ட் கியர் என்பது இதுதான். அதனால் பற்கள் ஒன்றின்மேல் ஒன்று உருள்வதோடு வழுக்கவும் செய்கின்றன. அந்த அழுத்தத்தில் வெறும் எண்ணெய்ப் படலம் பிய்ந்துபோகும். கந்தகமும் பாஸ்பரஸும் கலந்த சேர்மானம், சூட்டில் உலோகத்தோடு வினைபுரிந்து ஒரு மெல்லிய காப்புப் பூச்சை உண்டாக்குகிறது. ஜிஎல்-4இல் இருப்பதைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு சேர்மானம் ஜிஎல்-5இல் இருக்கும். மிச்சமிருக்கிறதே என்று அதை கியர்பாக்ஸில் ஊற்றிவிடாதீர்கள். அங்கே கியர் மாற்றும்போது வேகத்தை ஒத்துப்போகச் செய்யும் பித்தளை சின்க்ரோ வளையங்கள் இருந்தால் பல ஜிஎல்-5 ஆயில்கள் அவற்றைக் கெடுத்துவிடும்.

மறுநாள் மாலை வேளச்சேரி மாலின் கீழ்த்தளப் பார்க்கிங். வளைந்து இறங்கும் சரிவில் ஸ்டியரிங்கை முழுதாகத் திருப்பினேன். பின்பக்கத்திலிருந்து கடகடகட என்று சத்தம், சீட்டு வரைக்கும் அதிர்வு. நேராக ஓட்டினால் ஒன்றுமில்லை. மறுபடி திருப்பினால் மறுபடி கடகட. டிக்கெட் கொடுத்த செக்யூரிட்டி, "சார், பின்னாடி ஏதோ உடையுது சார்" என்றார். எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

புதுப்பேட்டையில் எனக்குப் பழக்கமான மெக்கானிக் அண்ணன் ஒருவர் இருக்கிறார். லாரி, வேன் வேலைதான் பெரும்பாலும். அவரிடம் கொண்டுபோனேன். "தண்ணி மாதிரி ஆயில ஊத்தி வச்சிருக்கீங்க தம்பி. நம்ம ஊரு வெயிலுக்கு 140 ஊத்துங்க, சத்தம் அடங்கிடும்" என்றார். எனக்கு ஒப்பவில்லை. ஓடும்போது டிஃப்ரன்ஷியல் ஆயிலே 80, 90 டிகிரி வரை போகும். வெளியே 30 டிகிரியா 40 டிகிரியா என்பது பெரிய வித்தியாசம் இல்லை. தவிர, கெட்டித்தன்மை குறைந்தால் பல் ஊளையிடும், திருப்பும்போது மட்டும் கடகடக்காது. ஆனாலும் அவர்தான் இரண்டு சக்கரத்தையும் தூக்கிப் பார்க்கலாம் என்றார்.

அந்தச் சோதனையை எல்லோரும் செய்து பார்க்கலாம். காரை நியூட்ரலில் வைத்து, பின்சக்கரங்களைத் தூக்கி, ஒன்றைக் கையால் சுற்ற வேண்டும். மற்றது எதிர்த்திசையில் சுற்றினால் ஓப்பன் டிஃப்ரன்ஷியல், அதாவது பூட்டும் அமைப்பு இல்லாதது. என் காரில் இருப்பது விஸ்கஸ் எல்எஸ்டி (ஒரு சக்கரம் மட்டும் வழுக்கிச் சுற்றுவதைக் கட்டுப்படுத்தும் லிமிடெட் ஸ்லிப் டிஃப்ரன்ஷியல்) என்று நினைத்திருந்தேன். அதில் மூடிய கூட்டுக்குள் சிலிகான் திரவம் இருக்கும். ஒரு சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு மற்றதைத் திருப்பினால், வெல்லப்பாகில் கரண்டியைக் கிண்டுவதுபோல மெதுவாக இளகி வரும். இதுவோ அசையவே இல்லை. நீளமான ராடு போட்டு அழுத்தினோம். டக்கென்று ஒரு வெட்டு வெட்டி நகர்ந்தது, மறுபடி நின்றது.

"உள்ள பிளேட் இருக்கு" என்றார் அண்ணன்.

கோயம்புத்தூரில் இருக்கும் பழைய ஓனருக்கு அங்கிருந்தே போன் போட்டேன். "ஆமாங்க, டிராக்குல ஓட்டுறப்ப விஸ்கஸ் சூடாகித் தளந்துடுதுன்னு கிளட்ச் டைப் எல்எஸ்டி மாத்துனேன். சொல்லலீங்களா?" சொல்லவில்லைங்க.

மேனுவல் தப்பில்லை. அது இந்தக் காரின் மேனுவல், இந்த டிஃப்ரன்ஷியலின் மேனுவல் இல்லை. விஸ்கஸ் வகையில் பூட்டும் வேலையைச் செய்வது தனியாக அடைபட்ட திரவம், நாம் ஊற்றும் ஆயிலுக்கு அதில் பங்கில்லை. கிளட்ச் வகையில் உராய்வுத் தட்டுகள் நம் ஆயிலிலேயே ஊறிக் கிடக்கின்றன. நின்ற நிலையில் தட்டுகளுக்கிடையே உராய்வு அதிகம், வழுக்க ஆரம்பித்ததும் குறைகிறது. அதனால் மெதுவாகத் திரும்பும்போது பிடிப்பது, விடுவது, மறுபடி பிடிப்பது. அதுதான் கடகட. இதைச் சமன்செய்யத்தான் ஃப்ரிக்‌ஷன் மாடிஃபையர் என்ற சேர்மானம். பாட்டிலில் 'லிமிடெட் ஸ்லிப்' அல்லது 'எல்எஸ்' என்று போட்டிருந்தால் பெரும்பாலும் அது கலந்தே வரும். தனியாக வாங்கியும் கலக்கலாம். ஆனால் கை தாராளமாகிவிட்டால் தட்டுகள் வழுக்கிக்கொண்டே இருக்கும், காசு போட்டு மாற்றிய எல்எஸ்டி ஓப்பன் மாதிரி ஆகிவிடும்.

சரி, எந்த எண்? 90 என்பது 100 டிகிரியில் 13.5 முதல் 18.5 சென்டிஸ்டோக்ஸ், கெட்டித்தன்மையின் அளவு. 140 என்றால் 24 முதல் 32.5. முன்னால் வரும் 75டபிள்யூ, மைனஸ் 40 டிகிரி குளிருக்கான கணக்கு. மார்கழி விடியலில்கூட 20 டிகிரிக்குப் பக்கத்தில் நிற்கும் சென்னையில் அதற்கு வேலையே இல்லை. ஆனால் நல்ல சிந்தெடிக் எல்லாம் 75டபிள்யூவாகத்தான் கிடைக்கிறது. நகரத்துக்குள் மட்டும் ஓட்டுவதாக இருந்தால் எல்எஸ் 75டபிள்யூ-90 போதும். நான் இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்குக்குப் போகிறவன். அங்கே ஒரு சுற்று 3.7 கிலோமீட்டர். திருப்பத்துக்குத் திருப்பம் பின்சக்கரங்களுக்கு முழு பலத்தையும் கொடுக்கும்போது ஆயில் கொதிக்கும். அதனால் மோட்டுல் கியர் காம்பெடிஷன் 75டபிள்யூ-140 எடுத்தேன். எஸ்டர் வகை சிந்தெடிக், எல்எஸ்டிக்கென்றே செய்தது. ஆக, அண்ணன் சொன்ன 140தான் கடைசியில் வந்தது. லாரிக்கு ஊற்றும் 85டபிள்யூ-140ஐ அவர் பேச்சைக் கேட்டு ஊற்றியிருந்தால் சத்தம் அப்படியே இருந்திருக்கும் என்று சொன்னேன். "நம்பர் கரெக்ட்டா சொன்னேனா இல்லியா?" என்றார்.

சனிக்கிழமை, 48,402. ஒரு வாரம்கூட ஓடாத ஆயிலை வடிக்க மனசே வரவில்லை. வடித்ததைப் புதுப்பேட்டை ஷெட்டின் பழைய ஆயில் பேரலில் சேர்த்தேன். ஊற்றி முடித்ததும் சத்தம் போய்விடவில்லை, பயந்துபோனேன். தட்டுகளுக்கிடையே புது ஆயில் புக வேண்டும். மாதவரத்தில் நண்பனின் குடோன் முற்றத்தில் நடை வேகத்தில் எட்டு எட்டாகப் போட்டேன். லைசென்ஸ் டெஸ்ட் ஞாபகம் வந்தது. நாலாவது எட்டில் கடகட லேசானது, பன்னிரண்டாவதில் ஒரு முனகல் மட்டும். அதன் பிறகு எண்ணவில்லை. வேளச்சேரி சரிவில் மறுபடி இறங்கினேன். அதே செக்யூரிட்டி, இந்த முறை காரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

போன ஞாயிறு டிராக்கில் ஆறு சுற்று ஓட்டி பிட்டுக்கு வந்ததும் டிஃப்ரன்ஷியல் கூட்டின்மேல் இன்ஃப்ராரெட் கன் வைத்துப் பார்த்தேன். 104 டிகிரி. ஆயில் அதைவிடச் சூடாகவே இருக்கும். இரண்டு டிராக் நாளுக்கு ஒரு முறை மாற்றுவதாக இருக்கிறேன். மிச்சம் 600 மில்லி பாட்டிலில் இருக்கிறது. தேதி எழுதி பால்கனியில் வைத்திருக்கிறேன், உள்ளே வைக்க அனுமதி இல்லை.