செவலைக்கும் சேர்த்து ஓர் இடம்

2 பிப்ரவரி 2025, ஞாயிறு

இன்று மதியம் மூன்று பேரும் காருக்குள் உட்கார்ந்து பொட்டலம் பிரித்துச் சாப்பிட்டோம். நேற்று போனில் கேட்டபோது "நாயைக் கூட்டிட்டு வாங்க சார், வெளியில டேபிள் இருக்கு" என்று சொன்ன கடைதான். வாசலில் செவலையைப் பார்த்ததும், "இது தெரு நாய் மாதிரி இருக்கே, நாங்க லேப்ரடார் மாதிரி ஏதாச்சும்னு நினைச்சோம்" என்றார்கள். கடையின் பெயரை எழுதப் போவதில்லை. பாப்பா அழவில்லை, ஆனால் சோற்றில் பாதியை அப்படியே மூடி வைத்துவிட்டாள்.

செவலை நாட்டு நாய்தான். இரண்டரை வருடத்துக்கு முன்னால் ஒரு மழை ராத்திரியில் கன்னங்குறிச்சி ரோட்டோரம் கிடைத்த குட்டி. எல்லா ஊசியும் போட்டாச்சு, கருத்தடை ஆபரேஷனும் ஆச்சு. ஒரே சிக்கல், அவளைத் தனியாகப் பூட்டிவிட்டுப் போனால் கதவைப் பிறாண்டி நகத்தில் ரத்தம் வரவைத்துக்கொள்கிறாள். அதனால் எட்டு மாதமாக மூன்று பேரும் சேர்ந்து வெளியே சாப்பிட்டதே இல்லை, யாராவது ஒருத்தர் வீட்டில் இருந்தாக வேண்டும். மார்ச் 8 பாப்பாவுக்குப் பத்து வயது முடிகிறது. என்ன வேண்டும் என்று கேட்டதற்கு, "நாம நாலு பேரும் ஒரே இடத்துல உட்கார்ந்து சாப்பிடணும்" என்றாள். ஐந்து வாரம் இருக்கிறது. தேடியதை எல்லாம் இங்கே எழுதி வைக்கிறேன், சேலத்தில் நாய் வளர்க்கிற யாருக்காவது உதவும்.

4 பிப்ரவரி, செவ்வாய்

சாப்பாட்டுக்கு முன்னால் நடை. காலை ஆறே காலுக்கு மூக்கனேரிக் கரை. சேர்வராயன் மலையில் இருந்து வரும் தண்ணீர் சேரும் ஏரி இது. ஒரு காலத்தில் சேறும் குப்பையுமாகக் கிடந்ததை 2010-ல் சேலம் மக்கள் குழு கையில் எடுத்து, தோண்டிய மண்ணை ஏரிக்குள்ளேயே திட்டுத் திட்டாகக் குவித்து மரம் நட்டார்கள். இன்றைக்கு அந்தத் திட்டுகள்தான் பறவைகளுக்கு வீடு. அதனாலேயே இங்கே கயிற்றை அவிழ்க்கவே கூடாது என்று நினைக்கிறேன். கொக்கைப் பார்த்தால் செவலையின் உடம்பு வில் மாதிரி விறைக்கிறது.

ஆறு மணிக்கும் ஏழு மணிக்கும் நடுவில் கரை நன்றாக இருக்கிறது. ஏழுக்கு மேல் நடப்பவர்கள் கூட்டம் வந்துவிடும், பாதி பேருக்கு நாய் என்றால் பயம், அவர்களை ஒதுங்க வைத்துவிட்டு நாம் நடப்பது முறையல்ல. இன்னொன்று, ஒவ்வொரு தெருவுக்கும் ஒரு நாய்க் கூட்டம் இருக்கிறது, அது அதன் எல்லை. குரைத்துக்கொண்டு வந்தால் ஓடக் கூடாது, நம் நாயைத் தூக்கவும் கூடாது. எதிர்ப்பக்கத்துக்கு மாறி அதே வேகத்தில் நடந்தால் எல்லை முடிந்ததும் நின்றுவிடுகின்றன. இதுவரை ஒரு தரம்கூட இது தப்பவில்லை.

9 பிப்ரவரி, ஞாயிறு

முதல் வெற்றி!

வீட்டில் இருந்து பத்து நிமிட நடையில் ஒரு தட்டுவடை செட் வண்டி. பின்னால் பழைய வீட்டின் காம்பவுண்டு சுவர், சுவரை ஒட்டி நாலு ஸ்டூல். இந்தத் தடவை செவலையைக் கூட்டிப் போகாமல் முதலில் நான் மட்டும் போய்க் கேட்டேன். வண்டிக்கார அக்கா கேட்டது ஒரே கேள்வி. "ஊசி போட்டிருக்கா?" ஊசி புத்தகத்தை எடுத்து ரேபிஸ் ஊசி போட்ட தேதியைக் காட்டினேன். வாங்கிப் பார்த்துவிட்டு, "சாயங்காலம் ஆறு மணிக்குக் கூட்டம் இருக்காது, அப்ப கூட்டிட்டு வா கண்ணு" என்றார். புத்தகத்தை இனி பையிலேயே வைத்திருக்கப் போகிறேன். நாய் கடிக்காது என்று நாம் ஆயிரம் தரம் சொன்னாலும் அது நம் வாய்ச்சொல்தான், தேதி போட்டுக் கையெழுத்து உள்ள அந்தப் பக்கம் வேறு.

ஆறு மணிக்குப் போனோம். செவலையைச் சுவர் ஓரமாக உட்கார வைத்ததும் ஐந்தே நிமிடத்தில் படுத்துவிட்டாள். முதுகுக்குப் பின்னால் சுவர் இருந்தால் அவளுக்கு எந்தப் பக்கம் கவனிப்பது என்ற தவிப்பு இல்லை. போன வாரம் அந்தக் கடை வாசலில் நாலு பக்கமும் ஆள் நடமாட்டம், அங்கே உள்ளே விட்டிருந்தாலும் அவள் நிம்மதியாக இருந்திருக்க மாட்டாள் என்று இப்போது தோன்றுகிறது. இன்னொரு விஷயமும் கவனித்தேன். இந்த வண்டியைச் சுற்றித் தெரு நாயே இல்லை. எலும்பு விழாத இடத்தில் அவற்றுக்கு என்ன வேலை?

தட்டுவடை செட்டைப் பற்றி சேலத்துக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கார சட்னி, புதினா சட்னி, துருவிய பீட்ரூட், கேரட், வெங்காயம், மேலே இன்னொரு தட்டுவடை. பாப்பாவுக்கு நொறுக்கல், அதாவது தட்டுவடையை நொறுக்கிச் சட்னியோடு கலந்தது. ஆனால் இதில் ஒரு துணுக்குகூட நாய்க்குப் போடக் கூடாது, வெங்காயமும் பூண்டும் நாயின் ரத்தச் சிவப்பணுக்களையே உடைக்கும். செவலைக்கு வீட்டில் இருந்து அவித்த முட்டை எடுத்துப் போயிருந்தோம்.

கடைசி ஸ்டூலில் ஒரு பாட்டி. கெண்டைக்காலில் பழைய கடித் தழும்பு. நாங்கள் உட்கார்ந்ததும் தட்டோடு எழுந்துவிட்டார். "நீங்க உட்காருங்க பாட்டி" என்று சொல்லிவிட்டு நாங்கள்தான் வண்டியின் மறுபக்கம் மாறினோம். அவர் எங்களுக்கு முன்னால் வந்தவர்.

11 பிப்ரவரி, செவ்வாய்

தைப்பூசம். காவடி, மேளம், தெருமுனையில் வெடி. எங்கேயும் போகவில்லை. கட்டிலுக்கு அடியில் செவலை, பக்கத்தில் தரையில் பாப்பா.

16 பிப்ரவரி, ஞாயிறு

ஓமலூர் ரோட்டுப் பக்கம் தோட்டத்தோடு உள்ள ஒரு சாப்பாட்டுக் கடை, ஓலைக் குடில் குடிலாகப் போட்டிருக்கிறார்கள். முன்கூட்டியே கேட்டதில் "மதியக் கூட்டம் முடிஞ்சு மூணரைக்கு மேல வாங்க" என்றார்கள். மனசார வரவேற்றார்கள், தண்ணீர்கூடக் கொண்டுவந்து வைத்தார்கள், நாங்கள் கொண்டுபோன கிண்ணத்தில் ஊற்றிக்கொண்டோம். மனிதர் சாப்பிடும் பாத்திரத்தில் நாய்க்கு வைக்க விடவே கூடாது, அடுத்து வருகிறவர் முகம் சுளித்தால் நியாயம் அவர் பக்கம்தான்.

ஆனால் இது பிரியாணிக் கடை. குடிலுக்குப் பின்னால் எலும்புக்காக ஏழெட்டு நாய்கள், அவற்றுக்கு அது சோறு போடும் இடம். செவலை ஒரு வாய் தண்ணீர் குடிக்கவில்லை, நாற்பது நிமிடமும் என் காலுக்கு நடுவில் நடுங்கிக்கொண்டு நின்றாள். கடைக்காரர்கள் மேல் ஒரு குறையும் இல்லை. என்றாலும் கறிக்கடை வாசலும் பிரியாணிக் கடைப் பின்புறமும் எங்கள் பட்டியலில் இனி இல்லை.

20 பிப்ரவரி, வியாழன்

தேய்பிறை அஷ்டமி. பைரவருக்கு உகந்த நாள் என்று தெருவில் மூன்று வீட்டில் இருந்து செவலைக்குப் பிஸ்கட் வந்தது, ஒரு வீட்டில் இருந்து சர்க்கரைப் பொங்கல். இந்த அன்பை எப்படி வேண்டாம் என்பது? பொங்கலில் உலர் திராட்சை இருந்தது. திராட்சை நாயின் சிறுநீரகத்தைக் கெடுத்துவிடும், சில நாய்களுக்குக் கொஞ்சம் போனாலே போதும். பக்கத்து வீட்டு அம்மாவிடம் விஷயத்தைச் சொன்னேன். "ஐயோ, எனக்குத் தெரியாதே சாமி" என்று பதறிப்போய், உள்ளே போய் வெறும் தயிர்ச்சோறு ஒரு பிடி கொண்டுவந்தார். வாலாட்டிக்கொண்டே வழித்து நக்கினாள்.

23 பிப்ரவரி, ஞாயிறு

ஏற்காடு. போகும் வழியிலேயே குரும்பப்பட்டி உயிரியல் பூங்கா வருகிறது. பாப்பாவுக்கு ஆசை, ஆனால் அங்கே வீட்டு நாயைக் கொண்டுபோவது சரியில்லை, அதைக் கேட்டுப் பார்க்கவே வேண்டியதில்லை. 2018-ல் கிர் காட்டில் சிங்கங்கள் செத்து விழுந்தது டிஸ்டெம்பர் வைரஸால், நாய்க்கு வரும் அதே வியாதி. அவளிடம் அதை விளக்கியதும் புரிந்துகொண்டாள்.

இருபது கொண்டை ஊசி வளைவு. டாக்டர் சொன்னபடி ராத்திரி எட்டு மணிக்குப் பிறகு செவலைக்குச் சாப்பாடு தரவில்லை, கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கி வைத்தோம், காலை ஆறுக்கெல்லாம் அடிவாரம். எட்டாவது வளைவில் எச்சில் ஒழுக ஆரம்பித்தது. வாந்திக்கு முன்னால் வருவது இதுதான், உடனே நிறுத்தி இறக்கிப் பத்து நிமிடம் நடக்கவிட்டால் அடங்கிவிடுகிறது. அடங்கியது. நிறுத்திய இடம்தான் தப்பு. குரங்குகள் இருந்ததை நான் பார்க்கவில்லை. செவலை ஒரு குரை குரைத்ததும் பெரிய கடுவன் ஒன்று கார் மேலேயே குதித்துப் பல்லைக் காட்டியது. "ஏங்க, முதல்ல அவளை உள்ள போடுங்க" என்று வீட்டுக்காரி கத்த, எப்படி ஏற்றினேன் என்றே தெரியவில்லை. வளைவில் நிறுத்துகிறவர்கள் முதலில் மரத்தையும் தடுப்புச் சுவரையும் பாருங்கள், பிறகு கதவைத் திறங்கள்.

மேலே போனதும் ஏரிப் பக்கம் நிற்கவே இல்லை. ஞாயிற்றுக்கிழமை அங்கே மனிதர்களுக்கே இடம் இல்லை. டிக்கெட் வாங்கி நுழையும் பூங்காக்களையும் விட்டுவிட்டோம். நேராக 32 கிலோமீட்டர் சுற்றுச் சாலை. இரண்டு பக்கமும் காபித் தோட்டம், நிழலுக்குச் சவுக்கு உயரத்தில் சில்வர் ஓக், அதில் மிளகுக் கொடி. சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் என்ற வெள்ளைக்காரர் 1820 வாக்கில் இங்கே காபியைக் கொண்டுவந்தார் என்பார்கள். தோட்டம் எல்லாம் தனியார் நிலம், உள்ளே இறங்காமல் சாலை ஓரமாக மட்டும் நடந்தோம். கீழே விழுந்து கிடக்கும் காபிப் பழத்தை முகர விட்டாலும் வாயில் வைக்க விடவில்லை. சாக்லேட்டில் நாய்க்கு ஆகாத சரக்கு எதுவோ, அதன் பங்காளிதான் காபியிலும் இருக்கிறது. காட்டெருமை நடமாட்டம் உள்ள மலை, நாய் குரைத்துத் துரத்தி, எருமை திருப்பி விரட்டினால், நாய் ஓடி வரும் இடம் நம் காலடிதான். ஆகவே இங்கேயும் கயிறு கையிலேயே.

சாலையோரம் ஒரு டீக்கடை. கல்லடுக்கிய சுவர், ஒரு பெஞ்சு, முன்னால் பள்ளத்தாக்கு. கேட்டதற்குக் கடைக்காரர் "எங்க வீட்லயும் மூணு இருக்குங்க" என்று சிரித்தார். டீ, பிரெட் ஆம்லெட், மிளகாய் பஜ்ஜி. செவலைக்கு வீட்டில் இருந்து கொண்டுபோன அவித்த கோழி. வெயில் முதுகில் பட, மூக்கைக் காற்றுக்குக் காட்டிக்கொண்டு, அப்படியே தூங்கிப் போனாள். மூன்று மணி நேரம் அங்கேயே இருந்தோம். பாப்பா, "பிறந்த நாளுக்கு இங்கேயே வரலாமா?" என்றாள். எனக்கும் ஆசைதான், ஆனால் மறுபடி இருபது வளைவு மேலே, இருபது கீழே.

வீட்டுக்கு வந்ததும் காது மடிப்பு, விரல் இடுக்கு, அக்குள் எல்லாம் தடவிப் பார்த்ததில் உண்ணி இரண்டு. எடுத்தாச்சு. மலைக்குப் போய் வந்தால் அன்றைக்கே இதைச் செய்துவிட வேண்டும், உண்ணிக் காய்ச்சல் கொல்லும்.

2 மார்ச், ஞாயிறு

வெயில் வந்துவிட்டது. சாரதா கல்லூரி சாலையில் சாயங்காலம் ஐந்தரைக்குப் புறங்கையைத் தாரில் வைத்துப் பார்த்தேன், ஐந்து எண்ணுவதற்குள் எடுத்துவிட்டேன். நம் கை தாங்காத சூட்டில் அவள் பாதம் எப்படித் தாங்கும்? திரும்பி வந்துவிட்டோம். ஏற்காடு வேண்டாம் என்று அவளுடைய வாந்தியை நினைத்துப் பாப்பாவே சொல்லிவிட்டாள். அக்காவின் வண்டிதான் என்று முடிவு. ஆறு மணிக்குச் சூடு அடங்கவில்லை, ஆறே முக்காலுக்கு வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டேன். அக்கா சரி என்றார்.

8 மார்ச், சனி

அக்கா சுவர் ஓரம் தண்ணீர் தெளித்து வைத்திருந்தார், தரை குளிர்ந்து கிடந்தது. நாலாவது ஸ்டூலை எடுத்துவிட்டு அங்கே ஒரு கோணிச் சாக்கு. "அவளுக்கு" என்றார். கேக் வெண்ணிலா, சாக்லேட்டே வேண்டாம் என்று பாப்பா பேக்கரியில் கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள். தட்டுவடை செட் ஆறு, நொறுக்கல் இரண்டு, மாங்காய் செட் ஒன்று. செவலைக்கு உப்பு போடாத கோழியும் சோறும்.

பாட்டி வந்தார். நான் எழுந்து செவலையைச் சுவரின் கடைசி முனைக்கு நகர்த்தி, ஜன்னல் கம்பியில் கயிற்றைக் கட்டினேன். "அவிழாதுல்ல?" என்றார். அவிழாது பாட்டி என்று இன்னொரு சுற்றுச் சுற்றி இழுத்துக் காட்டினேன். பாப்பா கேக்கைக் கொண்டுபோய்க் கொடுத்தாள். வாங்கிக்கொண்டு, அவள் தலையில் கை வைத்துவிட்டு, மறுபடி கேட்டார், "அவிழாதுல்ல கண்ணு?" அவர் சாப்பிட்டு முடித்துத் தெருமுனை திரும்பும் வரை நான் கயிற்றின் பக்கத்திலேயே நின்றிருந்தேன்.

அப்புறம் செவலை பாப்பாவின் செருப்பு மேல் தலையை வைத்துக்கொண்டாள். காலை எடுக்க முடியாமல் பாப்பா இன்னொரு செட் வேண்டும் என்றாள். அக்கா தட்டுவடையை எடுத்தார்.