முப்பது காசின் எடை

வேலூர் லாங் பஜாரில் ஒரு நகைக்கடையில் எடை போடுவது என் வேலை. பெரிய வியாழன் அன்று கடை சாத்தும் முன் கொலுசுகளைத் தட்டில் சேர்த்துக்கொண்டே வந்தேன். நாலு ஜோடியில் முள் 420 கிராமைத் தொட்டது. இயேசுவைக் காட்டிக்கொடுக்க அவருடைய சீடன் யூதாஸ் வாங்கிய முப்பது வெள்ளிக்காசு ஏறக்குறைய இவ்வளவுதான்.

இதை எழுதிய மத்தேயு தன் சுவிசேஷத்தில் காசின் பெயரைச் சொல்லவில்லை. ஆனால் எருசலேம் ஆலய வரிக்குத் தீரு நகரத்துச் சேக்கல்தான் செல்லும். ஒன்று சுமார் 14 கிராம். ஒரு பக்கம் மெல்கார்ட் தெய்வத்தின் தலை, மறுபக்கம் கழுகு. விக்கிரகத்தை வெறுத்த ஆலயத்தில் இந்தக் காசு! சுத்த வெள்ளி என்பதால் ஏற்றார்கள். எனக்கு இன்னும் மனசு ஆறவில்லை.

பைபிளில் யாத்திராகமம் 21:32ல், மாடு முட்டி அடிமை இறந்தால் எஜமானுக்குத் தரவேண்டிய ஈடும் அதே முப்பதுதான். அப்பா இதை வாசிக்கும்போது குரல் உடையும்.

அப்போது பிரதான ஆசாரியன் காய்பா, கி.பி. 18 முதல் 36 வரை. ரோம ஆளுநர் நியமித்தவர். யூதரின் பஸ்கா பண்டிகைக் கூட்டத்தில் இயேசுவைக் கைது செய்தால் கலகம் வரும் என்ற பயம். அதனால்தான் இரவில் காட்டிக்கொடுக்க உள்ளாள் தேவைப்பட்டான்.

அப்புறம் யூதாஸ் திருப்பி எறிந்த அந்தக் காசில் ஆசாரியர்கள் குயவனுடைய நிலத்தை வாங்கினார்கள், அந்நியரை அடக்கம்பண்ண. கரிகிரியில் சக்கரம் சுற்றும் பெரியப்பாவிடம் சொன்னேன். "மண்ணெடுத்துத் தீர்ந்த நிலமா இருக்கும்பா" என்றார்.