அரசமைப்பு ஆணையத்துக்கு நாங்கள் மனு எழுதிய கதை

2016 பிப்ரவரியில் சிங்கப்பூரில் தலைமை நீதிபதி சுந்தரேஷ் மேனன் தலைமையில் அரசமைப்பு ஆணையம் ஒன்றை அமைத்தார்கள். அதிபர் தேர்தல் முறையை ஆராய்வது அதன் வேலை. சிறுபான்மையினரும் அவ்வப்போது அதிபராக வருவதை எப்படி உறுதி செய்வது என்பது அதன்முன் இருந்த கேள்விகளில் ஒன்று. பொதுமக்கள் எழுத்து மூலம் கருத்துச் சொல்லலாம் என்று அறிவிப்பு வந்ததும், ஈசூனில் எங்கள் புளோக்கைச் சுற்றியுள்ள சில குடும்பங்கள் சேர்ந்து எழுத முடிவு செய்தோம். எங்களில் வழக்கறிஞர் யாரும் கிடையாது.

முதலில் அரசமைப்புச் சட்டத்தைப் படித்தோம். இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. அத்தனையும் படிக்க வேண்டியதில்லை. அதிபரைப் பற்றிய பகுதி, குழுத்தொகுதி (சிறுபான்மையினர் ஒருவராவது இருக்கும் குழுவாக நாடாளுமன்றத்துக்குப் போட்டியிடும் தொகுதி) பற்றிய 39ஏ பிரிவு, அப்புறம் 152, 153ஏ பிரிவுகள். சிறுபான்மை இன, சமயத்தவரின் நலனை எப்போதும் பேணுவது அரசாங்கத்தின் பொறுப்பு என்கிறது 152. மலாய், மாண்டரின், தமிழ், ஆங்கிலம் நான்கும் அதிகாரத்துவ மொழிகள் என்கிறது 153ஏ.

153ஏவைப் படித்தபோது எங்கள் குழுவின் மூத்தவர் நிறுத்தச் சொன்னார். உமறுப்புலவர் பள்ளியில் தமிழ்வழியில் படித்தவர். பிரிட்டிஷ் ஆட்சிக்கால ரெண்டல் அரசமைப்பின்கீழ் 1955இல் கூடிய சட்டமன்றத்தில் ஆங்கிலம் மட்டும்தான் மொழி என்பதும், தமிழும் அங்கே ஒலிக்கலாம் என்ற நிலை அதன்பிறகு வாதாடிப் பெற்றது என்பதும் அவர் சொல்லித்தான் எங்களில் பலருக்குத் தெரியும். 1957இல் குடியுரிமைச் சட்டம் வந்தபோது, தமிழர்கள் பதிந்துகொள்ள வேண்டும் என்று தமிழ் முரசு நாளிதழை நடத்திய கோ. சாரங்கபாணி விடாமல் வற்புறுத்தினார். “எங்க அப்பா கையெழுத்துப் போடக் கத்துக்கிட்டதே அந்த விண்ணப்பத்துக்காகத்தான், தம்பி” என்றார் பெரியவர். அன்று பதிந்தவர்களுக்கு வாக்கு வந்தது. வாக்கு இருந்ததால்தான் அவர்களுடைய மொழியும் கணக்கில் வந்தது என்று நான் உறுதியாக நம்புகிறேன். 1965 டிசம்பரில் நிறைவேறிய சுதந்திரச் சட்டத்தில் தமிழ் அதிகாரத்துவ மொழியாக இடம்பெற்றது. மறு ஆண்டு சிறுபான்மையினர் உரிமைகளை ஆராய்ந்த தலைமை நீதிபதி வீ சோங் ஜின் ஆணையத்திலும் நம் சமூகத்து வழக்கறிஞர் ஏ.பி. ராஜா இருந்தார்.

மனுவில் என்ன கேட்பது என்பதில்தான் பெரிய வாக்குவாதம். இந்தியச் சமூகத்தின் சார்பில் நிற்பவருக்குத் தமிழ் தெரிந்திருக்க வேண்டும் என்று கேட்கலாம் என்றார் எங்களில் ஒரு தமிழாசிரியர். அவருடைய ஆதங்கம் நியாயமானது. வீட்டில் தமிழ் பேசும் பிள்ளைகள் குறைவதை அவர் வகுப்பறையில் தினமும் பார்க்கிறார். பக்கத்து புளோக் நண்பர் எழுந்துவிட்டார். “நான் வீட்ல பேசுறது மலையாளம். அப்ப என்னை எங்க வைப்பீங்க, டீச்சர்?” கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. சரி, சட்டம் என்ன சொல்கிறது என்று 39ஏவைத் திரும்பப் பார்த்தோம். ஒருவர் இந்திய வம்சாவளியினராக இருக்க வேண்டும், தன்னை அச்சமூகத்தவராகக் கருத வேண்டும், சமூகமும் பொதுவாக அவரை அப்படி ஏற்க வேண்டும். மொழி பற்றி அதில் பேச்சே இல்லை. அது அப்படியே இருக்கட்டும் என்று ஆசிரியரே கடைசியில் சொன்னார். தமிழுக்கு 153ஏ காவல் இருக்கிறது. அதைக் காட்டி இன்னொரு சிறுபான்மையைத் தள்ளி நிறுத்த வேண்டாம் என்பது எங்கள் முடிவு. இன்றும் அது சரியென்றே நினைக்கிறேன்.

கேட்டது ஒன்றுதான்: எல்லாரும் போட்டியிடும் தேர்தலே வழக்கமாக இருக்கட்டும், நீண்டகாலம் ஒரு சமூகத்திலிருந்து யாரும் வராவிட்டால் மட்டும் தனி ஏற்பாடு செய்யுங்கள். பேசியதெல்லாம் தமிழில், மனு ஆங்கிலத்தில். எழுதிய பெண் ஒவ்வொரு பத்தியையும் பெரியவருக்குத் தமிழில் திருப்பிச் சொன்னாள். “தயவுசெய்து” என்று வந்த இடங்களையெல்லாம் அவர் எடுக்கச் சொல்லிவிட்டார். எழுதப் போகிறவர்களுக்கு நான் சொல்வது: நீங்கள் யார் என்பதை முதல் வரியிலேயே சொல்லுங்கள், பத்திகளுக்கு எண் போடுங்கள், எந்தச் சட்டப்பிரிவைப் பற்றிப் பேசுகிறீர்கள் என்று குறிப்பிடுங்கள். எங்களுடையது இரண்டு பக்கத்தைத் தாண்டவில்லை.

நேரில் பேச எங்களை அழைக்கவில்லை. செப்டம்பரில் வெளியான அறிக்கையை வரி விடாமல் படித்தோம். தொடர்ந்து ஐந்து தவணைகள், அதாவது பதவிக்காலங்கள், ஒரு சமூகத்தவர் யாரும் அதிபராக வராவிட்டால், அடுத்த தேர்தலை அவர்களுக்கு ஒதுக்கலாம் என்பது பரிந்துரை. எல்லாரும் போட்டியிடும் அதிபர் தேர்தலிலேயே எல்லாச் சமூகத்தவரும் வந்துகொண்டிருந்தால் இந்த ஏற்பாட்டுக்கு வேலையே இருக்காது. நாங்கள் கேட்டதும் இதையொட்டியதே. எங்கள் மனுவால்தான் இது வந்தது என்று சொல்லமாட்டேன், பலரும் எழுதியிருந்தார்கள். தவணைகளை எந்த அதிபரிலிருந்து எண்ணுவது என்பது பிறகு சட்டத்தில் முடிவானது. அதிபரை மக்களே தேர்ந்தெடுக்கும் முறை 1991இல் சட்டமானபோது பதவியில் இருந்த வீ கிம் வீயிலிருந்து எண்ணி, 2017 தேர்தலை மலாய்ச் சமூகத்துக்கு ஒதுக்கினார்கள். அந்தக் கேள்வியையும் மக்கள் கருத்துக்கு விட்டிருக்கலாம் என்பது என் எண்ணம்.

2023இல் தேர்தல் எல்லாருக்கும் திறந்திருந்தது. தர்மன் சண்முகரத்னம் 70.4 விழுக்காடு வாக்குகள் பெற்று வென்றார். இந்தியர், பிற சிறுபான்மையினருக்கான தவணைக் கணக்கு மறுபடி தொடக்கத்திலிருந்து ஓடும்.