கிட் காட்டிய 303, 251

பிரெஞ்சுப் பெயர் கொண்ட கோப்புகள் உள்ள ஒரு நிரல் தொகுப்பில் நேற்று, நிரல் மாற்றங்களைப் பதிவுசெய்து வைக்கும் 'கிட்' கருவியின் 'கிட் ஸ்டேட்டஸ்' (மாறிய கோப்புகளைப் பட்டியலிடும்) கட்டளையை இட்டபோது, 'கஃபே' என்ற கோப்புப் பெயரின் இறுதியில், மேற்குறி பெற்ற 'é' எழுத்து நிற்க வேண்டிய இடத்தில், சாய்கோடுகளோடு 303, 251 என்ற எண்கள் நின்றன. கோப்பு கெட்டுவிட்டதோ என்று அஞ்சினேன், கெடவில்லை. எழுத்துகளைக் கணினியில் எண்களாகச் சேமிக்கும் யுடிஎஃப்-8 முறையில் அவ்வெழுத்து இரண்டு பைட்டுகளாக அமைகிறது. 127-க்கு மேற்பட்ட பைட்டுகளை கிட் இயல்பாகவே எட்டடிமான (0 முதல் 7 வரையிலான இலக்கங்களால் மட்டும் எழுதும்) எண்களாக்கி, பெயரை மேற்கோள் குறிகளுக்குள் அடைத்துக் காட்டுகிறது. இப்படிக் காட்டுவதைக் கட்டுப்படுத்தும் 'கோர்.குவோட்பாத்' (core.quotePath) அமைப்பை 'ஃபால்ஸ்' (false) என்று மாற்றியதும் பெயர் ஒழுங்காகத் தெரிந்தது. தமிழில் பெயரிடுவோருக்கு இத்தொல்லை இன்னும் பெரிது: 'அ' என்ற ஓரெழுத்தே 340, 256, 205 என மூன்று எண்களாக விரியும். இந்த இயல்பமைப்பைக் கிட் கைவிட வேண்டும் என்றே கருதுகிறேன். அமைப்பை மாற்றிய பிறகும் விண்டோஸ் கட்டளைச் சாளரத்தில் எழுத்துகள் சிதைந்தால், அச்சாளரத்தின் குறிப்பக்கத்தை (எழுத்துகளைப் படிக்கும் முறையைக் குறிக்கும் எண்ணை) யுடிஎஃப்-8-க்குரிய 65001 என்று மாற்ற வேண்டும்.