பிறந்த இடம்: நியூ ஜெர்சி

என் பெற்றோர் வேலை நிமித்தம் அமெரிக்காவில் இருந்தபோது நான் நியூ ஜெர்சியில் பிறந்தேன். கைக்குழந்தையாகவே சேலத்துக்கு வந்து, இங்கேயே படித்து, இங்கேயே வேலையிலும் சேர்ந்துவிட்டேன். அழகாபுரத்தில் நாங்கள் கணக்கு வைத்திருக்கும் வங்கி, என் பிறந்த இடத்தைப் பார்த்துவிட்டு, அமெரிக்கர்களின் வெளிநாட்டுக் கணக்குகளைக் கண்டறியும் ஃபாட்கா என்ற அமெரிக்கச் சட்டத்துக்கான சுய உறுதிமொழிப் படிவத்தை நீட்டியது; அதை நிரப்பிக் கொடுத்து முடிக்கும் வரை அம்மாவும் நானும் கூட்டாக வைத்திருந்த கணக்கிலிருந்து பணம் எடுக்க முடியவில்லை.

அமெரிக்கா 2010இல் இயற்றிய ஃபாட்கா சட்டத்தை நடைமுறைப்படுத்த, இந்தியா 2015 ஜூலையில் ஒப்பந்தம் செய்துகொண்டது. அதன்படி நம் வங்கிகள் அமெரிக்கக் குடிமக்களின் கணக்கு விவரங்களை வருமான வரித்துறைக்குத் தர, அங்கிருந்து அவை அமெரிக்க வரித்துறைக்குப் போகின்றன. எங்கே வாழ்ந்தாலும் குடியுரிமையை வைத்தே வரிக்கணக்கு கேட்கும் நாடு அது; அங்கே பிறந்ததால் அந்தக் குடியுரிமை எனக்கும் உண்டு.

ஐந்து ரோட்டில் நாங்கள் பார்த்த ஆடிட்டர் பொறுமையாக விளக்கினார். வருமான வரிக்கணக்கு ஒன்று. எஃப்பார் எனப்படும் வெளிநாட்டு வங்கிக்கணக்கு அறிக்கை வேறொன்று. எல்லாக் கணக்குகளின் இருப்பும் சேர்ந்து ஆண்டில் ஒரு நாளாவது 10,000 டாலரைத் தாண்டினால் எஃப்பார் கட்டாயம். கூட்டுக் கணக்கானால் என் பங்கு மட்டுமல்ல, முழுத்தொகையையும் காட்ட வேண்டும்; ஆகவே பள்ளி ஆசிரியையாக ஓய்வு பெற்றபோது அம்மாவுக்குக் கிடைத்த பணிக்கொடை, வைப்புத்தொகையாக என் அறிக்கையில் ஏறியது. அதே சமயம், ஏற்காட்டில் என் பெயரில் உள்ள காப்பித் தோட்டத்தை அதில் காட்டத் தேவையில்லை, ஏனெனில் நேரடியாக வைத்திருக்கும் நிலம் நிதிக்கணக்கு ஆகாது. ஒளித்து வைக்கும் செல்வந்தரைத் தேடும் சட்டம் ஓர் ஆசிரியையின் சேமிப்பை எட்டுவதை என்னால் நியாயமென்று ஏற்க முடியவில்லை.

வேண்டுமென்றே மறைக்காதவர்களுக்கும் அபராதம் உண்டு என்றபோது அம்மா மிகவும் கலங்கினார். அந்த அபராதத்தைக் கணக்கு ஒவ்வொன்றுக்கும் அல்ல, அறிக்கை ஒவ்வொன்றுக்குமே விதிக்கலாம் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2023இல் தீர்ப்பளித்தது சிறிது ஆறுதல். எங்களுக்கு வழி கொடுத்தது, முந்தைய ஆண்டுகளில் விட்டுப்போனதைச் சரிசெய்ய வெளிநாட்டில் வசிப்போருக்கென உள்ள ஸ்ட்ரீம்லைண்ட் திட்டம்: மூன்று ஆண்டு வரிக்கணக்கு, ஆறு ஆண்டு எஃப்பார், தெரியாமல் நேர்ந்தது என்று சான்றளிக்கும் 14653ஆம் படிவம், நிபந்தனைகள் பொருந்தினால் அபராதமில்லை. எஃப்பாரை இணையத்தில் கட்டணமின்றித் தாக்கல் செய்யலாம். மற்றவற்றைக் கையொப்பமிட்டு டெக்சாஸின் ஆஸ்டினுக்குத் தபாலில் அனுப்பினோம். இங்கே கட்டிய வரி அங்கே கழிக்கப்பட்டதால், செலுத்த வேண்டிய தொகை எதுவும் வரவில்லை.

கூட்டுக் கணக்கிலிருந்து என் பெயரை நீக்கிவிடலாம் என்று சிலர் சொன்னார்கள். முதிய வயதில் அம்மா வங்கிக்குத் தனியாக அலைய வேண்டியிருக்கும் என்பதால் நான் சம்மதிக்கவில்லை. ஒவ்வோர் ஆண்டும் உச்ச இருப்பைக் குறித்து வைத்து, எஃப்பாரை ஏப்ரல் 15க்குள் அனுப்பிவிடுகிறேன். தவறினாலும் அக்டோபர் 15 வரை தானாகவே அவகாசம் உண்டு.