உப்புத் தூவிய சாலையில் ஒரு பழைய பைக்

பிரிட்டனுக்கு வந்து பைக் வாங்க நினைக்கும் நம்மவர்கள் முதலில் கேட்பது லைசென்ஸ் பற்றித்தான். அதற்குப் பதில் சொல்வது சுலபம். இந்திய லைசென்ஸில் பைக் இருந்தால், இங்கே குடியேறிய நாளிலிருந்து 12 மாதம் அதை வைத்தே ஓட்டலாம். அதன் பிறகு இந்த நாட்டின் புரொவிஷனல் லைசென்ஸ் எடுத்து, சி.பி.டி. என்னும் அடிப்படைப் பயிற்சியை முடித்து, 'எல்' போர்டு மாட்டிக்கொண்டு 125 சிசி வரை ஓட்டலாம். அந்தச் சான்றிதழ் இரண்டு வருஷம் செல்லும். பெரிய வண்டி வேண்டுமென்றால் முழுத் தேர்வும் எழுதியாக வேண்டும். இதெல்லாம் அரசு இணையதளத்தில் தெளிவாக இருக்கிறது. யாரும் கேட்காமல் விடுகிற கேள்வி வேறு: வண்டி மக்கர் பண்ணினால் யாரிடம் போவது?

நினைத்த நேரத்தில் வண்டியை உருட்டிக்கொண்டு போய், "அண்ணே, கொஞ்சம் பாருங்க" என்று நிற்க இங்கே ஆளில்லை. ஒர்க்‌ஷாப்பில் நாள் குறித்து வாங்க வேண்டும். கூலி மணிக்கணக்கில் ஏறும். செயினை இறுக்குவது, கேபிளுக்கு எண்ணெய் விடுவது, பிளக் மாற்றுவது போன்ற சில்லறை வேலைகளுக்கெல்லாம் அப்படிப் போய்க்கொண்டிருந்தால் கட்டுப்படியாகாது. அதனால் இங்கே பழைய வண்டி வைத்திருப்பவர்கள் சனிக்கிழமை காலையில் தாங்களே ஸ்பேனரைக் கையில் எடுக்கிறார்கள். நானும் அப்படித்தான் தொடங்கினேன். கட்டாயத்தால் தொடங்கியதுதான். இன்றைக்கு அந்தச் சனிக்கிழமைக்காகவே வாரம் முழுக்கக் காத்திருக்கிறேன்.

செகண்ட் ஹேண்ட் வண்டி பார்க்கப் போகிறவர்களுக்கு ஒரு விஷயம் முதலிலேயே சொல்ல வேண்டும். மூன்று வருஷத்தைத் தாண்டிய பைக் பொதுவாக ஆண்டுதோறும் எம்.ஓ.டி. என்னும் தகுதிச் சோதனையில் தேற வேண்டும். அந்தச் சோதனைகளின் வரலாற்றை அரசு இணையதளத்தில் வண்டி எண்ணைப் போட்டு இலவசமாகப் பார்க்கலாம். எந்த வருஷம் எதில் தோற்றது, அப்போது எத்தனை மைல் ஓடியிருந்தது எல்லாம் வரும். தேறிய வருஷத்திலும் சோதனை செய்தவர் "முன் பிரேக் டிஸ்க் தேய்ந்து வருகிறது", "ஸ்டீயரிங் பேரிங்கில் லேசான ஆட்டம்" என்று குறிப்பு எழுதியிருப்பார். அந்தக் குறிப்புகளைத்தான் ஊன்றிப் படிக்க வேண்டும். ஒரே குறிப்பு அடுத்த வருஷமும், அதற்கடுத்த வருஷமும் அப்படியே வந்தால், வண்டிக்காரர் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை என்று அர்த்தம். விற்கிறவர் எவ்வளவு இனிமையாகப் பேசினாலும் சரி, அந்த வண்டி வேண்டாம்.

அடுத்தது உப்பு. இதற்கு என்னைத் தயார்ப்படுத்த யாரும் இல்லை. குளிர்காலத்தில் சாலை உறையாமல் இருக்க இரவில் லாரி வந்து கல்லுப்பைத் தூவிவிட்டுப் போகும். வெயிலும் மழையும் பார்த்து வளர்ந்த நமக்கு வண்டியின் எதிரி துருதான் என்று தெரியும். ஆனால் இந்த உப்புத் தண்ணீர் நுழைகிற இடங்கள் வேறு. டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் பிரேக் காலிப்பருக்குள் போகும். ஒயர் கனெக்டருக்குள் போய்ப் பச்சை பிடிக்க வைக்கும். சைலன்ஸர் போல்ட்டைத் தொட்டாலே முறிகிற அளவுக்கு அரிக்கும். ஓட்டிவிட்டு வந்த அன்றே பச்சைத் தண்ணீரால் கழுவிவிட்டால் பாதித் தொல்லை தீரும். நவம்பர் பிறப்பதற்குள் துருத்தடுப்புத் திரவம் அடித்து வைத்தால் இன்னும் நல்லது. டிஸ்க்கிலும் பிரேக் பேடிலும் மட்டும் அது படவே கூடாது.

ஒரு பிப்ரவரியில் வண்டியைத் தள்ளினால் கனத்தது. முன் சக்கரத்தைத் தூக்கி நிறுத்திச் சுற்றிவிட்டால் அரைச் சுற்றிலேயே நின்றுவிடுகிறது, பிரேக் முழுதாக விடவில்லை. இரண்டு தெரு தள்ளி யாழ்ப்பாணத்து அண்ணை ஒருவர் இருக்கிறார். இங்கே வந்து பல காலம் ஆனவர், வீட்டோடு கராஜ் உள்ளவர். வண்டியை அங்கே கொண்டுபோனேன். காலிப்பரின் இரண்டு போல்ட்டையும் கழற்றி டிஸ்க்கிலிருந்து இழுத்து எடுத்ததும் விஷயம் தெரிந்துவிட்டது. காலிப்பர் இப்படியும் அப்படியும் நகர வேண்டிய இரண்டு பின்களில் ஒன்று காய்ந்து இறுகிப்போய், சுற்றிலும் வெள்ளைப் பொடி. பேடை டிஸ்க்கில் அழுத்தும் பிஸ்டனைச் சுற்றிப் பேட் தூளும் உப்பும் சேர்ந்து கறுப்பாக அப்பியிருந்தது. பேடுக்கு இடம் வேண்டுமென்று பிஸ்டனை உள்ளே தள்ளப் போனேன்.

"தம்பி, பொறுங்கோ. ஊத்தையோட உள்ள தள்ளினா சீல் கிழிஞ்சிடும். முதல்ல துப்பரவாக்குங்கோ," என்றார்.

பிரேக் லீவரை மெதுவாக அழுத்திப் பிஸ்டனைச் சற்றே வெளியே வரவைத்தார். முழுதாக வெளியே வந்துவிடாமல் விரலால் தடுத்துக்கொண்டார். சோப்புத் தண்ணீரும் பழைய டூத் பிரஷ்ஷும் கொண்டு பிஸ்டனின் நாலாபக்கமும் தேய்த்தோம். பின்புறம் தெரியாது, கண்ணாடித் துண்டு வைத்துப் பார்த்தோம். கறுப்பு போய் உலோகம் மினுங்கத் தொடங்கிய பிறகுதான் உள்ளே தள்ளவிட்டார். தள்ளும்போது மேலே டப்பாவில் பிரேக் ஆயில் மட்டம் ஏறும். வழிந்தால் பெயின்ட்டைத் தின்றுவிடும் என்பதால் டப்பாவைச் சுற்றி ஈரத்துணி கட்டச் சொன்னார். பின்களைத் துடைத்து ரப்பருக்கு ஒத்துக்கொள்கிற சிலிக்கோன் கிரீஸைத் தடவினோம். சாதாரண கிரீஸ் போட்டால் ரப்பர் உறை ஊதிப்போய் மறுபடியும் பின் பிடித்துக்கொள்ளும்.

எல்லாவற்றையும் மாட்டி முடித்து நான் சாவியை எடுத்தேன். அண்ணை கையைப் பிடித்துக்கொண்டார். "வெளிக்கிட முதல் பிரேக்கை அமத்திப் பாருங்கோ. கல்லு மாதிரி நிக்கோணும்." முதல் இரண்டு முறை லீவர் கைப்பிடி வரை தொளதொளவென்று வந்தது. பிஸ்டன் உள்ளே போயிருப்பதால் பேட் டிஸ்க்கைத் தொட சில அழுத்தம் தேவை. பிறகு கெட்டியாக நின்றது. காலிப்பரைத் தொட்ட வேலை எதுவானாலும் இதைச் செய்யாமல் தெருவில் இறங்கக் கூடாது. இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றை மனதில் வைத்துக்கொள்வீர்கள் என்றால் அது இதுவாக இருக்கட்டும்.

அண்ணையிடம் கற்றுக்கொண்ட இன்னொன்று அளவு. நம்மில் பலர் பார்த்து வளர்ந்தது, போல்ட்டை 'கை தாங்குகிற வரை' இறுக்குவதை. தேர்ந்த மெக்கானிக்கின் கைக்கு அது தெரியும். வாரத்தில் ஒரு நாள் ஸ்பேனர் பிடிக்கிற என் கைக்குத் தெரியாது. ஆயில் வடிக்கும் போல்ட் இரும்பு. அது போய் உட்காரும் என்ஜின் அடிப்பகுதி அலுமினியம். கொஞ்சம் கூடுதலாக இறுக்கினால் மரை போய்விடும். நான் வாங்கிய வண்டியில் முன்பு யாரோ அப்படி இறுக்கி, மரை போய், அதற்குப் பெரிய போல்ட் போட்டு வைத்திருந்தார்கள். டார்க் ரெஞ்ச் இந்தத் தொல்லையைத் தீர்க்கிறது. மேனுவலில் போட்டிருக்கும் நியூட்டன் மீட்டர் அளவை வைத்தால், அந்த அளவு வந்ததும் 'டிக்' என்று கையில் தெரியும். அதோடு நிறுத்த வேண்டும். பல வண்டிகளில் ஆயில் போல்ட்டுக்கு 20, 30 நியூட்டன் மீட்டர் போதும். பின் அச்சு நட்டுக்கு அதைப்போல மூன்று மடங்குக்கு மேல்கூடக் கேட்கும். ஆகவே கருவி வாங்குகிறவர்கள் பளபளக்கும் பெரிய பெட்டியை விட்டுவிட்டு, 8, 10, 12, 14, 17 மி.மீ. சாக்கெட்டுகள், ஆலன் கீ செட், நல்ல டார்க் ரெஞ்ச் ஒன்று, உங்கள் மாடலுக்கான ஒர்க்‌ஷாப் மேனுவல் இவற்றை வாங்குங்கள்.

ஜப்பான் வண்டி என்றால் ஸ்க்ரூ டிரைவரிலும் கவனம் வேண்டும். பழைய ஹோண்டா, யமஹா, சுஸுகி வண்டிகளில் இருக்கும் கூட்டல் குறி ஸ்க்ரூ, பார்வைக்கு ஃபிலிப்ஸ் போலவே இருக்கும். ஆனால் அது ஜே.ஐ.எஸ். என்னும் ஜப்பானியத் தரம். ஃபிலிப்ஸ் டிரைவரின் முனை அதில் அடிவரை இறங்காது. அழுத்தித் திருப்பினால் வழுக்கித் தலையைச் சிதைத்துவிடும். பல ஸ்க்ரூக்களின் தலையில் சின்னப் புள்ளி ஒன்று இருக்கும், அதுதான் அடையாளம். ஜே.ஐ.எஸ். டிரைவர் ஒன்று கைவசம் இருந்தால் கார்புரேட்டர் மூடியோடு மல்லுக்கட்ட வேண்டியதில்லை.

செயின் வேலை எனக்கு மிகவும் பிடித்தது. மண்ணெண்ணெயில் நனைத்த பிரஷ்ஷால் தேய்த்து, துணியால் துடைத்து, உலர்ந்த பிறகு லூப் என்னும் செயின் மசகெண்ணெய் அடிக்க வேண்டும். இணைப்புகளில் ரப்பர் வளையம் உள்ள ஓ-ரிங் செயினுக்குப் பெட்ரோல் ஆகாது, ரப்பர் கெட்டுவிடும். என்ஜினை ஆஃப் செய்து, நியூட்ரலில் போட்டு, சக்கரத்தைக் கையால்தான் சுற்ற வேண்டும். கியரில் போட்டு ஓடவிட்டுச் செயின் துடைத்து விரலை இழந்தவர்கள் உண்டு. பிறகு தொய்வு பார்ப்பது. கீழ்ப்பக்கச் செயினின் நடுவில் விரலால் மேலும் கீழும் அசைத்து, அளவுகோல் வைத்துப் பார்க்க வேண்டும். தெருவில் ஓட்டும் வண்டிகளில் பெரும்பாலும் 25 முதல் 35 மி.மீ. வரை இருக்கும், உங்கள் வண்டிக்கான சரியான அளவு பின் சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்மில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரிலேயே கிடைக்கும். செயின் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி தேய்வதில்லை. சக்கரத்தைச் சுற்றிச் சுற்றி, எந்த இடத்தில் மிகவும் இறுக்கமாக இருக்கிறதோ அங்கே அளக்க வேண்டும். தொய்வான இடத்தில் அளந்து இறுக்கினால், இறுக்கமான இடம் வரும்போது பேரிங் அடிபடும்.

என்ஜின் ஆயிலுக்கு ஒரே எச்சரிக்கை: கார் ஆயிலைப் பைக்கில் ஊற்றாதீர்கள். பெரும்பாலான பைக்குகளில் கிளட்ச் அதே ஆயிலில்தான் மூழ்கியிருக்கிறது. வழுக்கலைக் கூட்டும் சேர்மானம் உள்ள கார் ஆயில் பட்டால் கிளட்ச் நழுவும். டப்பாவில் ஜே.ஏ.எஸ்.ஓ. எம்.ஏ. அல்லது எம்.ஏ.2 என்னும் பைக் ஆயில் தரக்குறி போட்டிருக்கிறதா என்று பாருங்கள். வடித்த பழைய ஆயிலைச் சாக்கடையில் விடுவது இங்கே குற்றம். டப்பாவில் பிடித்து மாநகராட்சியின் மறுசுழற்சி நிலையத்துக்குக் கொண்டுபோனால் அங்கே அதற்கென்றே தொட்டி இருக்கும்.

எனக்குக் கராஜ் கிடையாது. அடுக்குமாடி வீட்டின் பார்க்கிங் இடத்தில் அட்டையை விரித்துப்போட்டு உட்கார்ந்துதான் எல்லா வேலையும். ஞாயிறு அதிகாலையில் சுத்தியல் எடுப்பதில்லை. எண்ணெய்க் கறை தரையில் விழ விடுவதில்லை. அங்கே உட்கார்ந்த பிறகுதான் இந்தக் கட்டடத்து மனிதர்கள் எனக்கு அறிமுகமானார்கள். லிஃப்டில் தலையசைப்போடு போய்க்கொண்டிருந்த முதியவர் ஒருநாள் நின்று, என்ன வண்டி, எந்த வருஷம் என்று கேட்டார். அவர் இளமையில் ஓட்டிய பி.எஸ்.ஏ. என்னும் பழைய பிரிட்டிஷ் பைக்கைப் பற்றிச் சொல்லிக்கொண்டே என் பக்கத்தில் டார்ச் பிடித்தபடி வெகுநேரம் நின்றார். மறுவாரம் தன்னிடமிருந்த ஃபீலர் கேஜ் என்னும் இடைவெளி அளக்கும் தகடுகளைக் கொண்டுவந்து, இனி இது உனக்குத்தான் என்று கொடுத்துவிட்டார். வால்வ் இடைவெளி பார்க்க அதைத்தான் இன்றும் எடுக்கிறேன். வேலை தேடிய நாட்களில் என்னை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. இந்தக் கட்டடத்தில் இப்போது பலர் கூப்பிடுகிறார்கள்.

குளிர்காலத்தில் ஓட்டப் போவதில்லை என்றால் நவம்பரிலேயே சில வேலைகளை முடித்துவிட வேண்டும். பிரிட்டனில் 2021 செப்டம்பர் முதல் சாதாரண பெட்ரோல் என்பது 10 சதவீதம் வரை எத்தனால் கலந்த ஈ10. அது ஈரத்தை இழுக்கும். பழைய கார்புரேட்டரில் மாதக்கணக்கில் நின்றால் ஜெட் என்னும் பெட்ரோல் போகும் சின்னத் துளை அடைத்துக்கொள்ளும். கார்புரேட்டர் கிண்ணத்தை வடித்துவிட்டு நிறுத்துவது நல்லது. பேட்டரியைக் கழற்றி வீட்டுக்குள் வைத்து, மல்டிமீட்டரால் அவ்வப்போது பாருங்கள். நன்றாக சார்ஜ் ஏறிய 12 வோல்ட் லெட்-ஆசிட் பேட்டரி ஓய்வில் 12.6-க்கு மேல் காட்டும், 12.4-க்குக் கீழே இறங்கினால் சார்ஜரில் போட வேண்டும். வரியும் இன்ஷூரன்ஸும் கட்டாமல் வண்டியைச் சொந்த இடத்தில் நிறுத்திவைப்பதானால் டி.வி.எல்.ஏ. என்னும் வண்டிப் பதிவுத் துறைக்கு, வண்டி சாலையில் ஓடாது என்னும் 'சார்ன்' அறிவிப்பு கொடுத்தாக வேண்டும். கொடுக்காவிட்டால் வண்டி ஓடாமல் நின்றாலும் அபராதம் வரும்.

சென்ற முறை எம்.ஓ.டி. சோதனைக்குப் போனபோது வண்டி தேறிவிட்டது. பிரேக், விளக்கு, ஹாரன், ஸ்டீயரிங் பேரிங், செயின் எதிலும் குறிப்பில்லை. பின் டயர் தேய்ந்து வருகிறது என்று மட்டும் சோதனை செய்தவர் எழுதியிருந்தார். இங்கே பைக் டயரின் அகலத்தில் முக்கால் பங்கிலாவது குறைந்தபட்சம் 1 மி.மீ. பள்ளம் இருக்க வேண்டும். என்னுடையது அதற்குச் சற்று மேலே இருக்கிறது. டயரை ரிம்மிலிருந்து எடுத்து மாட்டுவதையும் பேலன்ஸ் பார்ப்பதையும் நான் கடைக்கே விட்டுவிடுகிறேன், அதற்கான இயந்திரம் அவர்களிடம்தான் இருக்கிறது. ஆனால் சக்கரத்தைக் கழற்றிக் கொண்டுபோவதும், திரும்ப மாட்டி அச்சு நட்டை அளவு பார்த்து இறுக்குவதும் என் வேலை. வருகிற சனிக்கிழமை மழை இல்லையென்றால் அதைத்தான் செய்யப் போகிறேன்.