ஓசூரிலிருந்து கன்னியாகுமரி வரை: போலோ ஜி.டி.யில் ஒரு பகல்

ஆனி மாதத்து விடியற்காலை நாலரை மணிக்கு ஓசூரில் பெட்ரோல் நிரப்பிக்கொண்டு, மனைவியும் அம்மாவும் உடன்வர, 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில் கன்னியாகுமரிக்குப் புறப்பட்டேன். 600 கிலோமீட்டருக்கு மேற்பட்ட பயணம். வண்டி, 2014இல் வாங்கிய ஃபோக்ஸ்வாகன் போலோ ஜி.டி. டி.எஸ்.ஐ.; 1.2 லிட்டர் டர்போ பெட்ரோல் எஞ்சின், 105 குதிரைத்திறன், ஏழு கியர்கள் கொண்ட டி.எஸ்.ஜி. தானியங்கிப் பெட்டி. இந்தியாவில் போலோ விற்பனை 2022இல் நின்றுவிட்டது. என்னுடையதைக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

தர்மபுரியைக் கடந்ததும் தொப்பூர் கணவாய். சேலத்தை நோக்கி இறங்கும் இந்தச் சரிவு பல உயிர்களைக் காவு வாங்கியது. டீசலை மிச்சப்படுத்துவதற்காக லாரிகளை நியூட்ரலில் இறக்குவதும் அதற்கொரு காரணம். கியர்க் கம்பியை மேனுவல் பக்கம் தள்ளி மூன்றாம் கியருக்குக் குறைத்தேன். எஞ்சினின் குரல் சற்றே உயர, வண்டி அதன் பிடியில் அடங்கி இறங்கியது. பிரேக்கை இடையிடையே தொட்டால் போதுமாக இருந்தது. முன்னே சென்ற லாரியிலிருந்து பிரேக் லைனிங் கருகும் வாடை வந்தது. அதற்கு நிறைய இடம் விட்டுப் பின்தங்கிக்கொண்டேன்.

சேலத்திலிருந்து திண்டுக்கல் வரை சொல்வதற்கு அதிகமில்லை. மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில், ஏழாவது கியரில் எஞ்சின் நிமிடத்துக்கு ஏறத்தாழ 2,000 சுற்றுகளில் அமைதியாக ஓடியது. அன்று முழுவதும் அந்த வேகத்தை நான் தாண்டவில்லை. இந்த வண்டியின் அருமை 60இலிருந்து 100ஐ எட்டும் சில நொடிகளில்தான் தெரிகிறது. 175 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை 1,500 சுற்றுகளிலேயே முழுதாகக் கிடைத்துவிடுவதால், நெடுநேரம் வலப்பக்கத் தடத்தை அடைத்துச் செல்லும் லாரி வழிவிட்டதும், காலை மெல்ல அழுத்தினாலே அதைக் கடந்துவிட முடிகிறது. பெரிய சக்கரங்களுக்குப் பக்கத்தில் நாம் இருக்கும் நேரம் பாதியாகக் குறைகிறது. வேகமான சின்ன வண்டியை நான் விரும்புவதே இந்தப் பாதுகாப்புக்காகத்தான்.

மதுரையைத் தாண்டி, சாப்பிடுவதற்காகச் சர்வீஸ் ரோட்டில் இறங்கியபோது, வெள்ளைக்கோடு போடாத வேகத்தடை ஒன்றில் அடிப்பாகம் உரசிவிட்டது. குனிந்து பார்த்தேன், ஒழுகல் ஏதுமில்லை. தாழ்ந்த வண்டியில் மூன்று பேரும் பெட்டிகளுமாகப் போகிறவர்கள் பிரதான சாலையைவிட இத்தகைய இடங்களுக்குத்தான் அஞ்ச வேண்டும்.

பணகுடியைத் தாண்டியதும் காற்றாலைகள் வரிசை வரிசையாகத் தெரியத் தொடங்கின. ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியே பாயும் தென்மேற்குப் பருவக்காற்று வலப்புறமிருந்து வண்டியை விட்டுவிட்டுத் தள்ளியது. ஒரு பேருந்தின் மறைவில் சென்றபோது காற்று சட்டென ஓய்ந்தது. மறைவைவிட்டு வெளியேறிய கணத்தில் மீண்டும் அறைந்தது. ஸ்டியரிங்கை வலப்பக்கம் இம்மியளவு சாய்த்துப் பிடித்தபடி 70க்கு இறங்கினேன். என் கையின் அசைவுக்கு வண்டி உடனுக்குடன் இணங்கியதால் தடம் மாறாமல் காவல்கிணற்றைக் கடந்தோம்.

ஓசூரில் போட்ட பெட்ரோலே கன்னியாகுமரி வரை போதுமானதாக இருந்தது. ஆனால், இறங்கியதும் அம்மா கதவைப் பிடித்துக்கொண்டு, "முட்டி மடங்கலப்பா" என்றார். திரும்பும்போது அவரை முன்னிருக்கையில் அமர்த்தி, மதுரையில் ஓர் இரவு தங்கி வந்தோம்.